ஒரு மரைக்கால் நெல்லுக்குப் போன பிள்ளை

1

எங்கள் மகளை எங்களுக்குத் திருப்பித் தர முடியாது என்று பவளம் மச்சாள் போன சனிக்கிழமை கைபேசியில் சொல்லிவிட்டார். அதையும் எப்படிச் சொன்னார் என்றால், வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, "இப்ப ஏலா, பாப்பம்" என்று, விளக்குமாறு இரவல் கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்புகிற தோரணையில். பெற்றவள் நான். பக்கத்தில் நின்றவர் பெற்ற தகப்பன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குப் பாதி இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வருடச் சடங்குக்குக் கதவு திறப்பார்கள். இந்த வைகாசிக்கு நாங்கள் கனடாவிலிருந்து போகிறோம், போகிற போக்கில் மகள் நிலானியையும் மீட்டுவிடலாம் என்று ஒரு திட்டம். மீட்பதென்றால் அவளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அவள் எங்களுடையவள் அல்ல. கைப்பிள்ளையாக இருக்கும்போதே நாங்கள் அவளை விற்றுவிட்டோம்.

அவள் இங்கே பிறந்தவள். பிறந்த நாளிலிருந்து சளி, இழுப்பு, காய்ச்சல். இங்குள்ள டொக்டர் வளர வளரச் சரியாகும் என்றார். வளரும் வரைக்கும் நித்திரை முழிக்கிறவர் அவரா? முதலாவது பிறந்தநாள் முடிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேற்றாத்தீவில் என் தாய்வீட்டுக்குப் போனோம். பார்க்க வந்த சனம் எல்லாம் கூட்டம் வைத்துத் தீர்மானித்ததுபோல ஒரே வார்த்தை சொன்னது. இந்தப் பிள்ளை பெற்றவர்கள் கையில் தேறாது, வித்து வாங்குங்க.

அப்படியே செய்தோம். அம்மனுக்கு முன்னால் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, இது எங்களுக்கு வேண்டாம் தாயே என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் நான் சொன்னேன். இரண்டாம் தரம் அழுதேன். மூன்றாம் தரத்தை என் கணவர் தவம் சொன்னார். அவர் கொஞ்சம் உற்சாகமாகச் சொன்னமாதிரி எனக்குப் பட்டது, அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. பூசை செய்யும் கட்டாடியார், இந்தப் பிள்ளையை ஆர் எடுக்கிற என்று சனத்தைப் பார்த்துக் கேட்டார். தவத்தின் மூத்த அக்கா பவளம் மச்சாள், கிரானிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்தவர், தன் வட்டையில் விளைந்த நெல்லில் ஒரு மரைக்கால் அளந்து அம்மன் காலடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். ஒருதரம் கொஞ்சினார். பிறகு, என்ட புள்ளைய வளர்த்துத் தாங்க என்று என் கையில் தந்தார். அவ்வளவுதான் சடங்கு.

பிள்ளைக்கு வருத்தம் குறைந்தது. வளர்ந்ததால் குறைந்தது என்கிறார் டொக்டர். நான் அந்த வாக்குவாதத்துக்குப் போவதில்லை.

ஆனால் இந்த விற்பனையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அம்மனிடம் விற்று வாங்கிய பிள்ளைக்குப் பெற்றவர்கள் கை நீட்டக் கூடாது. பிறத்தியார் பிள்ளை அல்லவா? கோபம் வந்தால் வாங்கியவரிடம் முறைப்பாடு வைக்கலாம், அவ்வளவுதான். எத்தனை நாள் ஓங்கிய கையை அப்படியே திருப்பித் தலையைச் சொறிந்திருக்கிறேன் தெரியுமா? மச்சாளும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சனிக்கிழமை காலை என்றால் கைபேசியில் வந்துவிடுவார். புள்ள என்ன தின்ட, எத்தின மணிக்குப் படுத்த, ஆரும் ஏசின? இந்த வீட்டில் எங்களோடெல்லாம் ஆங்கிலத்தில் சீறுகிறவள் மாமியிடம் மட்டும் தமிழில் குழைவாள். தமிழ் தெரியாவிட்டால் சொந்தக்காரியோடு எப்படிக் கதைப்பது என்பது அவள் நியாயம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் முடியாததை ஒரு மரைக்கால் நெல் செய்து வைத்தது.

2

போன தை மாதம், பனி முழங்கால் மட்டும் கிடந்த ஒரு நாள், நான்காம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளிடம் உங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பீட்சா என்றது. இன்னொன்று நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோரும் ஒரேமாதிரி பிஜாமா போடுவோம் என்றது. என் மகள் எழும்பினாள். என்னை அப்பாவும் அம்மாவும் விற்றுவிட்டார்கள் என்றாள்.

வகுப்பு ஆடிப்போயிற்று. சபை கிடைத்தால் என் மகள் லேசில் விடமாட்டாள், அந்தக் குணம் தவத்தின் பக்கத்துச் சொத்து. என்ன விலைக்கு என்று ஒரு பொடியன் கேட்டானாம். நெல்லுக்கு என்றாளாம். மாமிதான் என் சொந்தக்காரி, இவர்கள் வளர்க்க மட்டும்தான் என்றாளாம். என்னை வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார்கள், அதற்கு வீடியோவும் இருக்கிறது என்று கடைசியில் ஒரு முத்தாய்ப்பும் வைத்தாளாம். அந்த வீடியோவை எடுத்த என் தம்பியை நான் பிறகு தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

ஆசிரியையைக் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் போதும், அறிவித்தே ஆகவேண்டும். சாட்சி தேவையில்லை. வெட்கம், நட்பு, அடுத்த வீட்டு விசயம் எங்களுக்கென்ன, இதெல்லாம் செல்லாது. இங்கேயோ பிள்ளையே எழும்பி நின்று சாட்சி சொல்கிறது. அன்றைக்கே பிள்ளைகள் பாதுகாப்புக் கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில். உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. பெண் குரல், தேனாக இருந்தது. இங்கே எந்த அளவுக்கு மரியாதையாகக் கதைக்கிறார்களோ அந்த அளவுக்குப் பயப்பட வேண்டும் என்பது என் அனுபவம். மகளை விற்றதாக ஒரு தகவல் வந்திருக்கிறது, அதில் உண்மை ஏதும் உண்டா என்று கேட்டார். நான் பதறிப்போய், ஓம் ஓம், விற்றது உண்மைதான், ஆனால் அது பழைய கதை என்றேன். அந்தப் பதில் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார்.

மசித்த கிழங்குக்கு நான் உப்பே போடவில்லை என்பது அன்று மத்தியானம் முழு இல்லத்துக்கும் தெரிந்துவிட்டது.

3

தவம் முதலில் அழைத்தது கணக்குப் படிப்பிக்கிற சேரைத்தான். எதற்கும் அவரைத்தான் அழைப்போம். அவரும் எங்கள் பக்கத்து ஆள், அதைவிடப் பெரிய விசயம், என் குடி. தாய்வழிக் குடி ஒன்றென்றால் கூடப்பிறந்த முறை என்பது ஊரில் உள்ள உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அண்ணன், நிலானிக்கு மாமா. நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு இரண்டு குளிர்க் கோட்டோடு வந்து நின்ற ஒரே மனிதர். இருக்க இடம் பார்த்துத் தந்தவர், தவத்துக்கு வேலைக்குச் சொல்லி வைத்தவர். சனிக்கிழமை பின்னேரங்களில் தன் வீட்டு நிலவறையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பார். அவரிடம் போகும் பிள்ளைகள் வகுப்பில் முதலாவதாக வரும். இடம் கேட்டுத் தாய்மார் தவம் கிடப்பார்கள், நான் சொல்வது என் கணவரை அல்ல.

பனி என்றும் பாராமல் அன்று மாலையே வந்தார். இந்த அலுவல்களை எத்தனையோ குடும்பத்துக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், பயப்படாதீர்கள் என்றார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாம், பாலும் பழமும் நிறைய வேண்டுமாம். தடி, அகப்பைக் காம்பு எதுவும் கண்ணில் படக் கூடாதாம். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சிரித்துக்கொண்டு. எங்கட விசயம் எங்கட வீட்டோட இருக்கணும் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். போகும்போது நிலானியின் தலையைத் தடவப் போனார். அவள் விலகித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை பயந்துபோய் இருக்கிறது என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

பிறகு நாங்கள் வேலையைத் தொடங்கினோம். தவம் போய்ப் பாலாக வாங்கி வந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பாலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இங்கே நாலைந்து கன்றுக்குட்டிகளும் வளர்க்கிறோமா என்று கேட்பார்கள் என்றேன், அதற்குக் கோபித்துக்கொண்டார். அகப்பை, மத்து, உலக்கைமாதிரி இருந்த ஒரு பூந்தொட்டித் தடி எல்லாவற்றையும் கார் டிக்கிக்குள் போட்டுப் பூட்டினோம். மறுநாள் காலை பிட்டுக்குச் சம்பல் கிளற அகப்பை இல்லாமல் கரண்டிக் காம்பால் கிளறினேன்.

வெளியில்தான் இந்தக் கூத்து. உள்ளுக்குள் எனக்கு ஈரல் கருகிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் நான் என்ன செய்வேன்? வேண்டாம் என்று வாயால் சொன்னவள்தானே நான், அம்மன் இப்போதுதான் காதில் வாங்கினாவோ? படுக்கப் போகுமுன் நிலானியின் கைகளுக்கு வழக்கம்போல வஸ்லின் பூசினேன். வலக்கை விரல்மொளிகள் சிவந்து தோல் வெடித்திருந்தன. பனிக்குளிர் வந்த நாளிலிருந்து அப்படித்தான். கையுறையை ஒழுங்காகப் போடு என்று அன்றைக்கும் ஏசினேன். அவள் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

4

வந்தவர் பெயர் மேகன். நான் பெரிய அதிகாரியை எதிர்பார்த்துக்கொண்டு நிற்க, பூனைப்படம் போட்ட காலுறையோடு ஒரு சின்னப் பெண் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றாள். தவம் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். அது வயிற்றில் பூட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே குட்மோர்னிங் சொன்னார்.

மேகன் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவே இல்லை. தவம்தான் பொறுக்க மாட்டாமல் போய்த் திறந்து, பால் குடிக்கிறீர்களா என்று கேட்டு, அவள் பார்க்கும் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் பிள்ளையோடு தனியே கதைத்தாள். கதவு சாத்தியிருந்தது. நானும் தவமும் வரவேற்பறையில் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள்போல நின்றோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு திரும்பச் சிரிப்பு. வெளியே வந்தபோது மேகனின் முகத்திலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை, அப்படிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுத்துத் தந்தாள். குடும்பத்து ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். மறுமுனையில் ஒரு சென்னைப் பெண். நான் விற்றதை விற்றபடி சொன்னேன். கட்டாடியார் என்றால் என்ன என்று அவர் கேட்டார். மரைக்கால் என்றால் என்ன என்று கேட்டார். வட்டை என்றால் வயல்வெளி அம்மா என்று நானே சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் முடிய அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். தான் சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது என்று முதலில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு அதைச் சொன்னார்.

"என்னையும் எங்க வீட்ல தவிட்டுக்குத்தாங்க வித்து வாங்குனாங்க."

அதை அவரே ஆங்கிலத்திலும் சொல்லியிருக்க வேண்டும். மேகன் கணினியில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தித் தொலைபேசியையே பார்த்தாள். கந்தோர் அமர்த்திய ஆளும் விற்கப்பட்டவர் என்றால் அவள் எங்கே போய் முறைப்பாடு எழுதுவது? நான் சந்தோசத்தில் அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னேன்.

ஆனாலும் மேகன் விடவில்லை. வாங்கியவரோடு கதைக்க வேண்டும் என்றாள்.

5

கிரானில் அப்போது மாலை. அறுவடைக் காலம். மச்சாள் வட்டையிலிருந்து வந்து குளித்து, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார். கமராவை மூக்குக்குக் கிட்டப் பிடித்ததால் எங்களுக்குப் பாதி மூக்கும் மூக்குத்தியும்தான் தெரிந்தன. வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று உங்களோடு கதைக்க வேண்டுமாம் அக்கா என்று தவம் சொன்னார். கதைக்கட்டும் என்றார் மச்சாள்.

இந்தப் பிள்ளையை நீங்கள் வாங்கினீர்களா என்று கேட்டாள் மேகன், சென்னைப் பெண்ணின் வாயால்.

"ஓம், வாங்கின. கட்டாடியாருக்கு முன்னால, ஊரே பாத்துக்கொண்டு நிக்க வாங்கின."

பிள்ளையை எப்போதாவது உங்களிடம் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? தவம் கமராவுக்குப் பின்னால் நின்று இல்லை இல்லை என்று இரண்டு கையாலும் ஆட்டிக் காட்டினார். மச்சாளுக்கு அது தெரிந்ததோ என்னவோ.

"பெத்ததுகள் சரியாப் பாக்கல்லியெண்டா எடுப்பன். அதுக்குத்தானே வாங்கிற."

முடிந்தது என்று நான் நினைத்தேன். மேகனோ முதல் தடவையாகச் சிரித்தாள். பெற்றோருக்கு அப்பால் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான ஒரு ஆள் இருக்கிறாரா என்று தாங்கள் எல்லா வீட்டிலும் கேட்பதாகவும், பல வீடுகளில் அதற்கு ஒரு பெயரும் கிடைப்பதில்லை என்றும் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. தவம் கோட்டைக் கழற்றிப் போட்டார். அப்போது அவள் எல்லோரிடமும் கேட்கிற கடைசிக் கேள்வியைக் கேட்டாள். பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கிறதா?

"ஓம், இரிக்கு" என்றார் மச்சாள்.

தவம் கழற்றிய கோட்டைத் திரும்ப எடுத்தார்.

"புள்ளட வலக்கைய வெளிச்சத்தில பிடிச்சிப் பாருங்க."

நிலானி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மச்சாள் கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், இப்போது முழு முகமும் தெரிந்தது.

"கொஞ்ச நாளா புள்ள இடக்கையால போனப் பிடிக்கிறாள். கேட்டா சிரிக்கிறாள். போன சனிக்கிழமைதான் வாய் திறந்த. கணக்குப் படிப்பிக்கிறவன் கோடு கீறுற அடிமட்டத்த நிமித்திப் பிடிச்சு மொளியில அடிக்கிறானாம். அம்மாட அண்ணன், அம்மாட்டச் சொல்லிராத மாமி எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கின. நானும் கிழமை முழுக்க மனசுக்குள்ள வச்சிக்கொண்டு வெந்து போனன். மறுகா, சத்தியமும் சாமானும், புள்ளதான் முக்கியம் எண்டு இந்தச் சனிக்கிழமை கேக்கத்தான் இருந்தன். நான் வாங்கின புள்ளைக்குக் கை நீட்ட அவன் ஆர்?"

சென்னைப் பெண் இதைத் தணிந்த குரலில், ஒரு சொல் விடாமல் மேகனுக்குச் சொன்னார். நான் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வஸ்லின் பூசிய அதே கைதான். பனிக்குளிர் ஒரு கையை மட்டும் வெடிக்க வைக்குமா? இத்தனை நாளும் எனக்கு அது தோன்றவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளைக்கு எது வந்தாலும் குளிரின் தலையில் போட்டுப் பழகிவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த ஆளின் பெயரும் விலாசமும் வேண்டும் என்றாள் மேகன்.

மேசைக்குக் கீழே தவத்தின் கால் என் காலை மிதித்தது. அவர் கெட்டவர் இல்லை, பாவம். அவருக்கு ஞாபகம் வந்ததுதான் எனக்கும் வந்தது. விமான நிலையக் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே இரண்டு கோட்டோடு நின்ற மனிதர். அந்தக் கோட்டில் ஒன்று இப்போதும் எங்கள் அலுமாரியில் தொங்குகிறது. நானும் அடி வாங்கித்தானே படித்தேன், என் வாத்தியார் அடித்த அடிக்கு இவர் அடித்தது எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு வந்தது. நாங்களே தனியாக அவரிடம் சொல்லி, அடிக்காமல் பார்த்துக்கொள்ளலாமே என்று இன்னொன்று வந்தது. எங்கட விசயம் எங்கட வீட்டோட இருக்கணும் என்று நேற்று இதே கதிரையில் இருந்து சொன்னாரே, எந்த விசயத்தைச் சொன்னார்?

நிலானி மேகனைப் பார்க்கவில்லை. கைபேசியில் இருந்த மாமியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். முழுப்பெயர், தெரு, வீட்டு இலக்கம், நிலவறைக்கு இறங்குகிற பக்கவாசல், சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் அங்கே இருக்கிற நேரம். கடையில் மல்லித்தூள் கேட்கவே தடுமாறுகிற என் ஆங்கிலம் அன்றைக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சென்னைப் பெண்ணுக்கு வேலையே இருக்கவில்லை.

6

விற்பனை விசயத்தில் எங்களைப் பற்றி மேல் நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்தது. அதைத் தவம் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று நின்றார், நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நிலானிக்கு ஒரே மவுசு. எங்களையும் விற்றுவிடுங்கள் என்று சில பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டதாகக் கேள்வி.

நிலவறை வகுப்பு நின்றது. விசாரணை இன்னும் நடக்கிறது, அதைப் பற்றி நான் எழுதக் கூடாது. எழுதக் கூடியது எங்களுக்கு நடந்தது. பிறந்தநாள் விழா ஒன்றில் நாங்கள் போய் இருந்த மேசையில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. பிள்ளையை வித்தவள் வாத்தியைப் பிடித்துக் கொடுத்தாளாம் என்று எனக்குக் கேட்கிறமாதிரியே ஒருத்தி சொன்னாள். தவம் அந்த மேசைக்கு வைத்த அத்தனை வடையையும் தனியாளாகச் சாப்பிட்டு மனத்தை ஆற்றிக்கொண்டார்.

ஒருநாள் சேரே அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"படிக்கத்தானே தங்கச்சி அடிச்ச. நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"அவள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அண்ண. உங்களுக்குப் பயத்தில எனக்கே சொல்லல்ல. மறுகா நான் எப்படி உங்கட்டச் சொல்லுற?"

அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு நான் நன்றாக அழுதேன். செய்தது சரி என்று தெரிந்துதான் அழுதேன்.

பிறகு ஒரு நாள் தமிழ்க்கடையில் வல்லாரைக்கட்டைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், அந்தப் பிறந்தநாள் வீட்டில் என்னைக் கண்டும் காணாதவர்போல இருந்தவர், தன் வண்டிலை என் வண்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நிலவறை வகுப்புக்குப் போன தன் மகனும் இப்போது பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கிறான் என்றார். அவ்வளவுதான். வண்டிலைத் தள்ளிக்கொண்டு மீன் பக்கம் போய்விட்டார்.

7

இதெல்லாம் முடிந்துதான் இந்த வைகாசிக்குப் பிள்ளையை மீட்பது என்று முடிவு செய்தோம். பெரியபிள்ளை ஆகுமுன் மீட்பதுதான் எங்கள் வழக்கம். கூடவே எனக்கு ஒரு ரோசமும் இருந்தது. என் பிள்ளையின் கையைப் பற்றிக் கடலுக்கு அப்பால் இருந்து ஒருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டி வந்ததே. நெல்லைக் கொடுத்து என் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? என் மனதில் ஓடியதை மச்சாள் படித்திருக்க வேண்டும். இப்ப ஏலா, பாப்பம் என்றார் என்று முதலில் சொன்னேனே, அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"விக்கக்குள்ள புள்ளைக்கு வாய் இல்ல. இப்ப இரிக்கு. புள்ளயக் கேளுங்க."

இதென்ன புதுச் சட்டம் என்று தவம் முணுமுணுத்தார். நிலானியைக் கூப்பிட்டோம். பாட்டை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு பக்கத்து வாதத்தையும் நீதவான்போலக் கேட்டாள். தாய்க்காரி கேட்கிறேன், பிள்ளை என்னிடம் வருகிறேன் என்று சொல்லத்தானே வேண்டும்?

"நான் மாமிட்டயே இருக்கிறன் அம்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக மற்றதையும் சொன்னாள். "நீங்க ஓகேதான். ஆனா ரெண்டு பேர் பாத்தா நல்லம்தானே."

தவம் என்னைப் பார்த்தார். அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. சரி என்றேன். பிள்ளை மச்சாளுடையது, எங்களுக்கு வளர்க்கத்தான் தந்திருக்கிறது.

மச்சாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நிலானியோடு கதைத்து முடித்துக் கைபேசியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். இப்போதெல்லாம் சனிக்கிழமை விசாரணையில் கடைசிக் கேள்வி எனக்குத்தான்.

"இந்தக் கிழமை புள்ளட கையப் பாத்த?"

"பாத்த மச்சாள்."

"ரெண்டு கையும்?"

நிலானி எனக்கும் கைபேசிக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். ஒரு விரலில் மை, ஒரு நகத்தில் பாதி அழிந்த நீலப் பூச்சு, வேறொன்றும் இல்லை. மச்சாளுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் என் வாயிலிருந்து வரும் மட்டும் காத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையும்தான் மச்சாள்" என்றேன்.